பத்தாவது ஆள்

போன வாரம் எங்கள் ஆனையூர்த் தெருவில் கொசுவுக்குப் புகை அடிக்க வந்தார்கள். தோளில் மிஷினை மாட்டிக்கொண்டு ஒருவர் வெள்ளை வெள்ளையாகப் புகையைக் கக்கவிட்டுப் போக, எல்லா வீட்டிலும் படபடவென்று ஜன்னலைச் சாத்தினார்கள். நான் மட்டும் எழுந்து போய் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தேன். அந்தப் புகையில் மருந்து நெடிக்கு அடியில் லேசாக ஓர் எண்ணெய் வாசம் இருந்தது. டீசலா மண்ணெண்ணெயா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். என் மூக்குக்கு அது மண்ணெண்ணெய்தான்.

"ஊரே மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கிது. இவுகளுக்கு மட்டும் அத்தர் வாசம்," என்றாள் என் மனைவி ஜெசிந்தா.

"அத்தர் இல்ல, நம்ம கல்யாண வாசம்," என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை மறைக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உங்களுக்குப் புரியாது. உட்காருங்கள், சொல்கிறேன்.

மண்ணெண்ணெய் என்றால் என் வயதுக்காரர்களுக்கு ரேஷன் கடை வரிசை நினைவுக்கு வரும். எனக்கு வருவது ஒரு நீளமான மேஜை. அதன்மேல் வரிசையாகப் புது ஸ்டவ்வுகள், ஒவ்வொன்றிலும் நீலமாக எரிகிற தீ, ஒவ்வொரு தீயின் மேலும் ஒரு பாத்திரம். ஒன்றில் சோறு, ஒன்றில் பருப்பு, ஒன்றில் ரசம், ஓரத்து ஸ்டவ்வில் அப்பளம். விருந்து வீடு என்று நினைத்துவிடாதீர்கள். அது புதூர்ப் பக்கம் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த ஸ்டவ் கம்பெனி.

திரி ஸ்டவ்வை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுத்தான் விளங்கவைக்க வேண்டும். அடியில் எண்ணெய் ஊற்ற ஒரு தகரத் தொட்டி. அதிலிருந்து வட்டமாக மேலே வரும் பருத்தித் திரிகள். திரிகளைச் சுற்றிச் சல்லடை மாதிரி ஓட்டை போட்ட தகரக் கூடு. பக்கவாட்டில் ஒரு திருகு. திருகினால் திரி ஏறும், இறங்கும். அவ்வளவுதான் ஸ்டவ். தகரம் வெட்ட ஓர் ஆள், ஓட்டை போட ஓர் ஆள், ஈயம் வைத்துப் பற்றவைக்க ஓர் ஆள், பச்சைப் பெயிண்ட் அடிக்க ஓர் ஆள். என் வேலை திரி கோர்ப்பது. கம்பிக் கொக்கியால் திரியைக் குழாய்க்குள் இழுத்து, எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும்படி கத்தரித்துவிட வேண்டும். ஒரு திரி கொஞ்சம் உயர்ந்தால் போதும், தீ மஞ்சளாகிப் பாத்திரம் கரி பிடித்துவிடும். நான் கோர்த்த ஸ்டவ் புகைந்தது என்று யாரும் திருப்பிக் கொண்டுவந்தது கிடையாது. இதைத் தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவனுக்குப் பெருமைப்பட ஏதாவது ஒன்று வேண்டாமா?

கடைக்குப் போகும் முன் ஒவ்வொரு ஸ்டவ்வையும் நன்றாக எரித்துப் பார்க்க வேண்டும் என்பது முதலாளி போட்ட விதி. சும்மா எரிவானேன் என்று அதில் சமையல் வைக்கிற வழக்கத்தைக் கொண்டுவந்தவர் செல்லம்மா அக்கா. எரித்துப் பார்க்கிற வேலை அவருடையது. ஆளுக்குக் கொஞ்சம் அரிசி, கொஞ்சம் பருப்பு வீட்டிலிருந்து கொண்டுபோவோம். மத்தியானம் நெருங்க நெருங்க, ஈயப் புகையையும் பெயிண்ட் நெடியையும் அமுக்கிக்கொண்டு பெருங்காயம் மணக்கும்.

"ஏ, அந்தக் கடைசி ஸ்டவ்வு ஒழுகுது. ரசத்துல எண்ணெ வாடை அடிக்கி பாரு," என்று அக்கா கரண்டியை நீட்டுவார்.

"ஸ்டவ்வு மேல எதுக்குப் பழியப் போடுற? ஒன் ரசம் என்னைக்கும் அப்பிடித்தான இருக்கும்," என்பார் முத்தையா அண்ணன். பற்றவைக்கிறவர் அவர்தான்; தொட்டி ஒழுகினால் குற்றம் அவர் தலையில் விழும்.

நான் கத்தோலிக்கன். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சிதான் விலக்கு என்றாலும் எங்கள் வீட்டில் மீனையும் சேர்த்து விலக்கிவிடுவோம். அது தெரிந்து முத்தையா அண்ணன் வேண்டுமென்றே அன்றைக்குக் கருவாடு கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே வறுப்பார். "திங்கத்தான கூடாது மாப்ள, மோந்து பாக்கலாம்ல?" ஆண்டவர் அந்தச் சோதனையையும் கணக்கில் வைத்திருப்பார் என்று நம்புகிறேன்.

முதலாளி பெயர் துளசிராம். சௌராஷ்டிரக்காரர். வீட்டில் அவர்கள் பாஷை, எங்களோடு எங்களைவிட நல்ல மதுரைத் தமிழ். சொந்தக்காரர்கள் எல்லாம் தறியிலும் ஜவுளியிலும் இருக்க, இவர் மட்டும் தகரத்துக்கு வந்தவர். ஷெட்டில் பெருமாள் படத்துக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடுவார். மே முதல் தேதி எங்களுக்குத் தொழிலாளரான சூசையப்பர் திருநாள்; இயேசுவை வளர்த்த தச்சர் அவர். ஒரு வருடம் நான் ஒரு சின்ன சூசையப்பர் படத்தைக் கொண்டுபோய்த் தயங்கி நின்றேன். வாங்கிப் பார்த்தார். "கையில உளி வச்சிருக்காரு, பட்டறைக்காரருதான? நம்ம ஆளுப்பா," என்று பெருமாளுக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டிவிட்டார்.

பேட்டையில் எங்களைப் போல ஸ்டவ், வாளி, இரும்புப் பெட்டி செய்கிற ஷெட்டுகள் வரிசையாக இருந்தன. அதற்குக் காரணம் உண்டு. சில சாமான்களைப் பெரிய கம்பெனிகள் செய்யக் கூடாது, சின்னப் பட்டறைக்காரர்கள் மட்டும்தான் செய்யலாம் என்று அப்போது சர்க்கார் ஒதுக்கி வைத்திருந்தது. எங்கள் ஸ்டவ்வும் அதில் சேர்த்தி. எங்கேயோ இருக்கிற பெரும்பணக்காரர் மிஷினைக் கொண்டுவந்து எங்களை மிதித்துவிட முடியாது. பரவையில் காய் விற்கிற அம்மாவின் பிள்ளை நானும் ஒரு கம்பெனிக்குள் போக முடிந்தது அதனால்தான். அந்த ஏற்பாட்டைக் கிண்டல் பண்ணுகிறவர்களோடு நான் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன்.

ஆனால் அதில் ஒரு கோணலும் இருந்தது. சின்னதாக இருக்கிறவரைக்கும்தான் சலுகை. வளர்ந்தால் தொல்லை. மின்சாரத்தில் மிஷின் ஓடுகிற இடத்தில் பத்துப் பேர் வேலை பார்த்தால் அது சட்டப்படி தொழிற்சாலை. தொழிற்சாலை என்றால் இன்ஸ்பெக்டர் வருவார், தொழிலாளி வைத்தியத்துக்கென்று ஈ.எஸ்.ஐ. கட்ட வேண்டும், ஜன்னல் எங்கே, கக்கூஸ் எங்கே என்று கேட்பார்கள். அதனால் பேட்டையில் எந்த ஷெட்டில் கேட்டாலும் ஒன்பது பேர்தான். அதென்னவோ எல்லாருக்கும் ஒன்பது பேரே போதுமானதாக இருந்தது! பக்கத்து ஷெட்டில் ஒரே கூரைக்குக் கீழே நடுவில் பலகைத் தடுப்பு வைத்து, வாசலில் இரண்டு போர்டு மாட்டியிருந்தார்கள். இடது பக்கம் புருஷன் கம்பெனி, வலது பக்கம் பெண்டாட்டி கம்பெனி. "அவுக வீட்டுல சண்டை வந்தா ரெண்டு கம்பெனிக்கும் யாவாரம் நின்னுபோகும்," என்பார் முத்தையா அண்ணன்.

எங்கள் முதலாளிக்கு அந்தப் பலகைத் தடுப்பெல்லாம் பிடிக்காது. ஒரே போர்டு, ஒன்பது பேர். நான் வேலை கேட்டுப் போனபோது அந்த ஒன்பது நிரம்பியிருந்தது. என் கையில் திரியைக் கொடுத்துக் கோர்க்கச் சொல்லிப் பார்த்தார். பார்த்துவிட்டு ரொம்ப நேரம் தாடையைச் சொறிந்தார்.

"வேலை இருக்கு. நாளைக்கே வா. ஆனா யாராச்சும் கேட்டா நீ இங்க இல்ல. வெளங்குச்சா?"

விளங்கியது. இப்படித்தான் நான் பத்தாவது ஆளானேன். முத்தையா அண்ணன் எனக்குப் "பத்து" என்றே பெயர் வைத்துவிட்டார். "ஏ பத்து, அந்த ஈயத்த எடு," என்று கூப்பிடுவார், நானும் போவேன்.

வெளியாள் யாராவது வாசலில் தென்பட்டால் செல்லம்மா அக்கா கரண்டியால் ஒரு காலித் தொட்டியை டங் டங்கென்று தட்டுவார். ஏதோ சோதிக்கிற மாதிரி இருக்கும். அது எனக்கு. கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் பின்கதவு வழியாக வெளியேறி, பேட்டை முக்கில் இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்துவிடுவேன். வந்தவர் போனபிறகு ஆள் அனுப்புவார்கள். வந்தவர் பாதி நேரம் பழைய தகரம் வாங்குகிறவராகவோ கோயில் நன்கொடை கேட்கிறவராகவோதான் இருப்பார். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. சம்பளம் மற்றவர்களுக்கு எவ்வளவோ அதே எனக்கும். நடுவில் ஒரு டீ லாபம். வயசு அப்படி.

கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் விவகாரம். எங்கள் கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் ஆனையூரில் ஒரு பெண் இருப்பதாகச் சொன்னார். அப்பா அருளப்பன் சார், மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். பெண்ணைப் பூசைக்கு வந்த இடத்தில் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு ஜெபப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாள் என்று நான் சொல்வேன். இல்லவே இல்லை என்று அவள் இன்றைக்கும் சாதிப்பாள். எல்லாருக்கும் பிடித்துப்போனது. "பையன் தொழிற்பேட்டையில கம்பெனி வேலை. பெர்மனண்ட்டு," என்று உபதேசியார் அவராகவே ஒரு வார்த்தையைச் சேர்த்து வைத்துவிட்டார்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்பு கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் எல்லாருக்கும் அறிவிப்பார். வருகிற ஞாயிறு எங்களுக்கு முதல் ஓலை. இன்னொரு வழக்கமும் உண்டு. அதை யாரும் சொல்லிவிட்டுச் செய்வதில்லை. பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளை வேலை பார்க்கிற இடத்துக்கு முன்னறிவிப்பில்லாமல் போய் ஒரு நடை விசாரித்துவிட்டு வருவார்.

அந்த வாரத்தில் ஒருநாள். சோறு கொதிக்கிற நேரம். டங் டங். நான் எழுந்து பின்கதவால் போய்விட்டேன்.

டீக்கடையில் டீயும் ஒரு பருப்பு வடையும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். வடை பாதி வாயில் இருக்கும்போது ரோட்டில் அருளப்பன் சார் வருகிறார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, கக்கத்தில் பிரவுன் கலர் பை, கையில் குடை. நான் பதறி எழுந்து வடையை அப்படியே விழுங்கினேன்.

"தோத்திரம் மாமா! எங்க இம்புட்டுத் தூரம்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சும்மா. ஒரு வேலையா வந்தேன். நீங்க இந்நேரம் இங்க?"

"டீ குடிக்க வந்தேன் மாமா. இதோ போகணும். நான் இல்லாட்டி எங்க மொதலாளிக்குக் கை ஓடாது!"

"அப்பிடியா," என்றார். குடையை விரித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார். டீ வாங்கித் தரட்டுமா என்று கேட்கக்கூட விடவில்லை. பெரிய மனுஷர், கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷெட்டுக்குத் திரும்பினால் அங்கே ஒரே கொண்டாட்டம்.

"தப்பிச்சோம்டா பத்து! இன்ஸ்பெக்டருடா இன்னைக்கு! அசல் இன்ஸ்பெக்டரு!" என்றார் முத்தையா அண்ணன்.

முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வந்ததும் மொத கேள்வியே, இங்க எத்தன பேரு வேலை பாக்குறாகன்னுதான். ஒம்பதுன்னேன். அப்புறம் பாத்தா ஒம் பேரச் சொல்லியே கேக்குறாரு! எவன் மொட்டைக் கடுதாசி போட்டானோ தெரியல."

"எம் பேரையா?"

"ஆமாங்கிறேன்! கறுப்பா, ஒல்லியா இருப்பாப்ல, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னாரு. மதுரையில பாதிப் பேரு கறுப்பா ஒல்லியாத்தான் சார் இருக்கான், அப்பிடி ஒரு ஆளே இங்க கெடையாதுன்னு ஒரே போடாப் போட்டேன்."

"மொதலாளி சொன்னத நம்பாத மாதிரி நின்னாரு," என்று செல்லம்மா அக்கா பெருமையாகச் சேர்ந்துகொண்டார். "நான் விட்ருவனா? முன்னாடி அப்பிடி ஒருத்தன் வந்தான் சார், ஒழுங்கா வேலை பாக்காம டீக்கடையே கதின்னு கெடந்தான், மொதலாளி வெரட்டி விட்டாருன்னு சொன்னேன். அப்புறந்தான் மனுசன் வாய மூடிக்கிட்டுப் போனாரு!"

எனக்கு அந்த வடை நெஞ்சிலேயே நின்றது. "அவரு கையில குடை இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு."

"பிரவுன் பை?"

"ஆமா. சட்டைப்பையில ரெண்டு பேனா. அதெல்லாம் ஒனக்கெப்பிடித் தெரியும்?"

"அது இன்ஸ்பெக்டர் இல்ல. பொண்ணு வீட்டு மாமா," என்றேன். சோறு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. யாரும் எழுந்து போய்த் திரியை இறக்கவில்லை.

அன்று சாயங்காலமே உபதேசியார் பரவைக்கு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டாம் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அம்மா விற்காமல் திரும்பிய கத்தரிக்காயைக் கூடையிலிருந்து எடுப்பதும் மறுபடி கூடையிலேயே வைப்பதுமாக இருந்தார். நான் மறுநாள் வேலைக்குப் போய் முதல் காரியமாகச் சூசையப்பர் படத்துக்குக் கீழே நின்றேன். "சூசையப்பரே, உமது பட்டறையில் எத்தனை பேர் என்று யாரும் வந்து கேட்கவில்லை. என் கஷ்டம் உமக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர் மாதிரியாவது பரிந்து பேசும்." இப்படித்தான் வேண்டினேன். நான் சாமியோடு சுற்றி வளைத்துப் பேசுகிறவன் இல்லை.

திரும்பினால் முதலாளி பின்னால் நிற்கிறார். சட்டை மாற்றியிருந்தார். கையில் அட்டைப் பெட்டியில் ஒரு புது ஸ்டவ்.

"கெளம்பு. ஆனையூருக்குப் போவோம்."

"மொதலாளி, அவரு..."

"பொய் சொன்னது என் வாயி. நான்தான் வரணும். நட."

பஸ் ஏறினோம். மடியில் ஸ்டவ்வை வைத்துக்கொண்டு அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். அருளப்பன் சார் இன்னும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பாமல் வீட்டில் இருந்தார். வாருங்கள் என்றார், நாற்காலி போட்டார், முதலாளி நீட்டிய ஸ்டவ்வை உள்ளே கொடுத்தனுப்பினார், எல்லாம் முறையாகத்தான். என்னைப் பார்க்கவில்லை.

முதலாளி ஒன்று விடாமல் சொன்னார். ஒன்பது, பத்து, கரண்டிச் சத்தம், டீக்கடை, எல்லாவற்றையும். "இந்தப் பையன் மாதிரித் திரி கோக்க பேட்டையில ஆளு கெடையாது சார். எங்கிட்டதான் வேலை பாக்குறான்."

அருளப்பன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேத்து இல்லன்னீங்க. இன்னைக்கு இருக்காருங்கிறீங்க. நான் எதை நம்ப?"

"நேத்துச் சொன்னதுதான் சார் பொய்யி."

"சரி. நாளைக்கு நெசமாவே இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா எதைச் சொல்வீங்க?"

முதலாளி தாடையைச் சொறிந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரில் இருந்த இருதய ஆண்டவர் படத்தைப் பார்த்தேன்.

"நான் உங்களக் குத்தம் சொல்லல," என்றார் அருளப்பன் சார். குரலை ஏற்றவே இல்லை. "என் மகளுக்கு நாளைக்குப் பிள்ளை பெறக்கும். ஆசுபத்திரிக்குப் போகணும். இவருக்கு மிஷின்ல கை பட்டா மருந்து போடணும். இல்லாத ஆளுக்கு எவன் ஈ.எஸ்.ஐ. அட்டை குடுப்பான்? இருக்காருன்னா இருக்காருன்னு எழுதுங்க. எழுதிட்டு வாங்க, மறுவாரமே ஓலை வாசிக்கச் சொல்றேன்."

அப்போது உள்ளேயிருந்து காப்பி வந்தது. ஜெசிந்தாதான் கொண்டுவந்தாள். தட்டை நீட்டிவிட்டு அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள், ஆனால் எங்கள் காதில் விழுகிற மாதிரி: "அவுக கொண்டாந்த ஸ்டவ்வுலதான்ப்பா போட்டேன். தீ நீலமா நிக்கிது. பாத்திரத்துல ஒரு பொட்டு கரி இல்ல."

அருளப்பன் சார் மகளைப் பார்த்தார். அவள் யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். காப்பியில் லேசாக எண்ணெய் வாடை அடித்தது. புது ஸ்டவ் என்றால் முதல் முறை அடிக்கத்தான் செய்யும். நான் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

முதலாளியின் பயமும் பொய்யில்லை. பத்தாகிவிட்டால் பழையபடி ஒன்பதுக்குத் திரும்ப முடியாது. இன்ஸ்பெக்டர், அபராதம், அலைச்சல் என்று பேட்டையில் கேட்ட கதைகள் எல்லாம் அவர் தலைக்குள் ஓடியிருக்கும். மறுநாள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டில் கை வைக்காமல் ஆரம்பித்தார்.

"இவனச் சேத்து எழுதலாம்னு இருக்கேன். எழுதுனா எல்லாருக்கும் ஈ.எஸ்.ஐ. கட்டணும். நான் ஒரு பங்கு கட்டுவேன். ஒங்க சம்பளத்துலயும் கொஞ்சம் பிடிப்பாக. ஒங்களக் கேக்காமச் செய்ய எனக்கு மனசில்ல. என்னப்பா சொல்றீக?"

சம்பளத்தில் பிடித்தம் என்றால் யாருக்குத்தான் இனிக்கும்? ஒவ்வொருவர் வீட்டிலும் என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று ஒருவர் சொன்னாலும் நான் கோபப்பட்டிருக்க மாட்டேன்.

முத்தையா அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "கல்யாணத்துக்கு எல்லாரும் ஒருக்காத்தான் மொய் வைப்பான். இந்தப் பயலுக்கு மட்டும் மாசாமாசம் வைக்கணுமாக்கும்?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். செல்லம்மா அக்கா சிரிக்கவில்லை. "வெரட்டி விட்டதாச் சொன்னவ நான்தான. மொத மொய் என்னுது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். அவ்வளவுதான். சங்கமும் இல்லை, போராட்டமும் இல்லை. பத்துப் பேர் சோறு தின்றுகொண்டே ஒரு ஷெட்டைத் தொழிற்சாலை ஆக்கிவிட்டோம்.

என் பெயரை எழுதிய அன்று முதலாளி பெருமாளுக்கும் சூசையப்பருக்கும் சேர்த்தே சாம்பிராணி காட்டினார். ஓலை வாசித்தார்கள், யாரும் தடை சொல்லவில்லை. கல்யாணத்துக்கு ஷெட்டே திரண்டு வந்தது. முத்தையா அண்ணன் பூசை முடிகிறவரை முழங்காலில் நின்று, எழுந்திருக்க முடியாமல் என் மச்சினன் தூக்கிவிட வேண்டியதாயிற்று.

கல்யாணம் முடிந்து சில மாதங்கள் கழித்து அசல் இன்ஸ்பெக்டர் வந்தார். வாசலில் ஜீப் சத்தம் கேட்டதுதான் தெரியும். என் கால்கள் தானாகப் பின்கதவுக்கு ஓடின. பாதி வழியில் யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள்.

"எங்கடா ஓடுற கூறுகெட்டவனே? ஒக்காரு," என்றார் செல்லம்மா அக்கா.

உட்கார்ந்தேன். இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். பெயரைக் கேட்டார். நான் எழுந்து நின்று பெயரையும் அப்பா பெயரையும் பரவை என்பதையும் சேர்த்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னேன். "மெதுவாச் சொன்னாலே கேக்கும்ப்பா," என்றார் அவர். ஜன்னல் ஒன்று போடச் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி இரண்டாகப் போட்டார். பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஆர்டர் கூடக் கூட ஆளும் கூடியது. முத்தையா அண்ணன் கண்ணில் ஈயம் தெறித்தபோது வைத்தியத்துக்கு அந்த ஈ.எஸ்.ஐ. அட்டைதான் காப்பாற்றியது. எங்கள் பெண்பிள்ளைகள் இருவரும் ஈ.எஸ்.ஐ. ஆசுபத்திரியில்தான் பிறந்தார்கள். மூத்தவளைக் கையில் வாங்கிய அருளப்பன் மாமா என்னைப் பார்த்து, "அட்டையப் பத்திரமா வச்சிக்கிட்டீகளா?" என்றுதான் முதலில் கேட்டார்.

இப்போது அந்த மேஜையும் இல்லை, ஸ்டவ்வும் இல்லை. கேஸ் வீட்டுக்கு வீடு வந்தது. ரேஷனில் மண்ணெண்ணெய் குறைந்துகொண்டே போனது. ஒதுக்கி வைத்திருந்த சாமான்களையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார்கள். முதலாளி பூட்டும்போது எங்கள் கணக்கை முடித்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பூட்டினார். நான் உட்கார்ந்து அழவில்லை. திரி போனால் என்ன, தீ இருக்கிறதே என்று கேஸ் அடுப்பு பழுது பார்க்கக் கற்றுக்கொண்டேன். கே.கே. நகரிலிருந்து பரவை வரைக்கும் எந்த வீட்டு அடுப்பு மஞ்சளாக எரிந்தாலும் எனக்குத்தான் போன் வரும். அந்தக் காலமே சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஈயப் புகையை முத்தையா அண்ணனின் நெஞ்சு கடைசிவரை விடவில்லை. ஜெசிந்தாவைத் திரும்பவும் திரி ஸ்டவ்வில் சமைக்கச் சொன்னால் என்னை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவாள்.

போன வருடம் இளையவளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் வேலை என்றார்கள். நானும் மாமா மாதிரி ஒரு நடை போனேன். அடேயப்பா, வாசலே எங்கள் பேட்டை அளவுக்கு இருந்தது. செக்யூரிட்டிக்காரர் மாப்பிள்ளைப் பையனின் பெயரைக் கேட்டுவிட்டு, "எந்த ஏஜென்சிங்க?" என்றார். எனக்குத் தெரியவில்லை. உள்ளே போன் போட்டுப் பேசினார். "அவுக எங்க கம்பெனி ஆள் கெடையாதாம் சார். ஏஜென்சி ஆளாம். அங்க கேட்டுக்கோங்க." கம்பெனிக்கு ஆள் அனுப்புகிற அந்த ஏஜென்சியின் நம்பரை வாங்கிப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பெண்குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அழுத்தினேன், பாட்டுப் போட்டார்கள். எதிரே கண்ணாடிக் கதவு வழியாக அந்தப் பையனே பெட்டி தள்ளிக்கொண்டு போவது எனக்குத் தெரிந்தது. கண்ணால் பார்க்கிறேன், அவன் அங்கே இல்லை என்கிறார்கள்.

பையன் தங்கம். ஆண்டவர்மேல் பாரத்தைப் போட்டுக் கல்யாணத்தை முடித்துவிட்டோம். சந்தோஷமாக இருக்கிறார்கள், குறையில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பெரிய வாசலில் நின்றுகொண்டு நான் துளசிராம் முதலாளியைத் தேடினேன். என் முகத்தைப் பார்த்து, "அப்பிடி ஒரு ஆளே இங்க கெடையாது சார்" என்று அடித்துப் பொய் சொல்ல ஒரு மனிதர் இருந்திருந்தால் போதும். மறுநாள் மடியில் எதையாவது வைத்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நம்பிக்கொண்டு, நானும் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பியிருப்பேன்.